மூணு ஊசியும் போட்டாச்சு: ஒரு தடுப்பூசி அட்டையை வாசித்தல்

நாய் வளர்க்கும் வீடுகளில் மருத்துவம் சம்பந்தமாக இருக்கும் ஒரே ஆவணம் பெரும்பாலும் அந்த மடிப்பு அட்டைதான். முன்பக்கத்தில் ஒரு லேப்ரடார் படம், மருந்துக் கம்பெனியின் பெயர். உள்ளே கட்டம் போட்டு நாலு பத்தி: போட்ட தேதி, மருந்தின் பெயர், அடுத்து வரவேண்டிய தேதி, டாக்டர் கையெழுத்து. குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். வழக்கமாகப் புத்தகங்களைப் பற்றி எழுதும் இந்தப் பக்கத்தில், இந்த முறை அந்த அட்டையை ஒரு பிரதியாக வைத்து வாசிக்கப் போகிறேன். சிரிக்க வேண்டாம். நாம் விமர்சிக்கும் பல புத்தகங்களைவிட இந்த அட்டைக்கு விளைவு அதிகம்.

சில வாரங்களாக நண்பர்கள், சொந்தக்காரர்கள் வீட்டு அட்டைகளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் வைத்துப் படித்தது, உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கத்தின் தடுப்பூசி வழிகாட்டி, 2016, 2024 ஆகிய இரண்டு பதிப்புகளும். அட்டை கொடுத்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவு ஊசியும் நிஜமாவே வேணுமா, இல்ல பில்லுக்காகப் போடறாங்களா?"

நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் அட்டையில் இல்லை. அட்டையின் கோளாறு, ஊசி அதிகம் என்பதோ குறைவு என்பதோ அல்ல. அது தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதுகிறது; நோயின் பெயரையும் குட்டியின் வயதையும் விட்டுவிடுகிறது. விட்டுப்போன இந்த இரண்டும் இல்லாமல் எது தேவை, எது தேவையில்லை என்று யாராலும் தீர்மானிக்க முடியாது. என் வாதம் அவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

எண்ணிக்கையா, வயதா?

இரண்டு குட்டிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 6, 8, 10 வாரங்களில் ஊசி போட்டார்கள். இன்னொன்றுக்கு 8, 12, 16 வாரங்களில். இரண்டு அட்டையிலும் மூன்று ஸ்டிக்கர். இரண்டு வீட்டிலும் "மூணு ஊசியும் போட்டாச்சு" என்பார்கள். ஆனால் முதல் குட்டிக்குப் பார்வோ வருவதற்கான கதவு திறந்தே கிடக்கலாம்.

காரணம் தாய்ப்பால். குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அவைதான் முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கின்றன. அதே எதிர்ப்பொருள்கள், ஊசி வழியாக உள்ளே போகும் வலுக்குறைந்த வைரஸையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். ஊசி போட்டது உண்மை. உடல் எதையும் கற்றுக்கொள்ளாததும் உண்மை. தாயின் எதிர்ப்பொருள் சில குட்டிகளுக்கு 8 வாரத்தில் தீர்ந்துவிடும், சிலவற்றுக்கு 12 வாரம் ஆகும், சிலவற்றுக்கு 16 வாரத்திலும் மிச்சம் இருக்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே இந்த வித்தியாசம் உண்டு. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 6-லிருந்து 8 வாரத்துக்குள் ஆரம்பித்து, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரமோ அதற்கு மேலோ ஆகும்வரை போடச் சொல்கிறது வழிகாட்டி. இங்கே முக்கியம் எத்தனை ஊசி என்பதல்ல, கடைசி ஊசி எந்த வயதில் என்பது. மூன்றில் முடியலாம், நான்கும் ஆகலாம்.

நம்மூரில் குட்டி விற்பவர்கள் சொல்லும் வயது தெரியும்தானே? "நாப்பத்தஞ்சு நாள் குட்டி சார்." அதாவது ஆறரை வாரம், அதுவும் அவர் சொல்வது சரியாக இருந்தால். அங்கிருந்து பதினைந்து நாளுக்கு ஒன்று என்று மூன்று ஊசியை முடித்தால் பத்தரை வாரத்தில் "கோர்ஸ்" முடிந்துவிடுகிறது. நான் பார்த்த அட்டைகளில் பிறந்த தேதி என்ற இடம் சிலவற்றில் காலியாகக் கிடந்தது, சிலவற்றில் "2 மாதம்" என்று எழுதியிருந்தது. மற்ற எல்லாக் கட்டமும் அதை நம்பித்தான் நிற்கின்றன, அதையே நிரப்பவில்லை.

பார்வோ லேசான நோய் இல்லை. 1978 வாக்கில் உலகத்தின் கவனத்துக்கு வந்த இந்த வைரஸ், இரண்டே ஆண்டில் கண்டம் கண்டமாகப் பரவியது. வாந்தி, ரத்தத்தோடு பேதி, நீரிழப்பு. சின்னக் குட்டிகள் சில நாட்களிலேயே செத்துப்போகும். மண்ணில், தரையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரண ஃபினாயில் அதை அசைக்காது, ப்ளீச் கரைசல் வேண்டும். "ஊசி போட்டும் செத்துப்போச்சு சார், எல்லாம் சும்மா" என்று சொல்பவர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பல நேரம் அங்கே தோற்றது மருந்து இல்லை, காலக்கணக்கு.

2024 பதிப்பு இன்னொரு மாற்றத்தை அழுத்திச் சொல்கிறது. முன்பெல்லாம் ஒரு வயதில் போட்டுவந்த அடுத்த ஊசியை, 26 வாரத்திலோ அதற்குச் சற்றுப் பின்போ போட்டுவிடச் சொல்கிறது. 16 வாரத்திலும் தாயின் எதிர்ப்பொருள் தடுத்துவிட்ட குட்டிகள், ஒரு வயதுவரை பாதுகாப்பில்லாமல் சுற்ற வேண்டாம் என்பதற்காக. இதை எல்லோரும் "பூஸ்டர்" என்கிறோம். அந்தச் சொல்லே தப்பான எண்ணத்தைக் கொடுக்கிறது. ஏற்கெனவே இருப்பதைக் கூட்டுவது அல்ல இதன் வேலை. கற்றுக்கொள்ளத் தவறிய குட்டிக்கு மறுபடி ஒரு வாய்ப்பு. பள்ளிக்கூட பாஷையில் சொன்னால் மறுதேர்வு.

"நைன் இன் ஒன்" என்ற எண்

அட்டையில் இரண்டாவது பத்தி மருந்தின் பெயர். கூடவே ஒரு எண்: ஐந்து, ஏழு, ஒன்பது. எண் பெரிதாக ஆக ஆகப் பாதுகாப்பும் பெரிது என்று நினைப்பது இயல்பு. அதைப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு.

எல்லா நாய்க்கும், எந்த ஊரிலும் வேண்டியவை மூன்று: டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி. ரேபிஸ் உள்ள நாடுகளில் நான்காவதாக ரேபிஸ். இவற்றைத்தான் வழிகாட்டி அடிப்படைத் தடுப்பூசிகள் என்கிறது. இதில் அடினோ வைரஸ் ஒரு சுவாரசியமான விஷயம். கல்லீரலைத் தாக்குவது முதல் வகை. அதையே வைத்துத் தயாரித்த பழைய ஊசி சில நாய்களுக்குக் கண்ணை நீலம் பூக்க வைத்ததால், இருமல் தரும் இரண்டாம் வகையை வைத்துத் தயாரித்தார்கள். அது இரண்டையுமே தடுக்கிறது. ஆகவே, "ஹெபடைடிஸ்" ஒன்று, "அடினோ" ஒன்று என்று எண்ணும் இடங்களில், குப்பிக்குள் இருக்கும் ஒரே வைரஸ் வெளியே இரண்டாகிவிடுகிறது.

ஒன்பதில் அடிக்கடி வரும் இன்னொரு பெயர் கொரோனா. 2020-க்குப் பிறகு இந்தப் பெயரைப் பார்த்து "நாய்க்கும் கோவிட் ஊசி போட்டுட்டோம்" என்று நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. அது கோவிட் இல்லை. நாயின் குடலில் வரும் வேறொரு கொரோனா. பெரும்பாலும் ஊசி போடும் வயதுக்கு முந்தைய குட்டிகளுக்கு, லேசாக வந்து போவது. இந்த ஊசியைப் பரிந்துரைக்கவில்லை என்று வழிகாட்டி நேராகவே சொல்கிறது. ஆனால் குப்பியில் மற்றவற்றோடு சேர்ந்தே வருகிறது. அதனால் பெரிய கெடுதல் என்று சொல்ல மாட்டேன். எண்ணைப் பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை என்பதற்கு இது உதாரணம்.

கென்னல் காஃப் என்கிற தொற்று இருமலுக்கான ஊசியும் மூக்குச் சொட்டும் உங்கள் நாயின் வாழ்க்கையைப் பொறுத்தவை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நாயை ஹாஸ்டலில் விடுகிறீர்களா? கண்காட்சிக்குக் கொண்டுபோகிறீர்களா? வேண்டும். மொட்டை மாடியும் வாசலுமாக வாழும் நாயா? விட்டுவிடலாம்.

"அடுத்த தேதி" யார் முடிவு செய்தது?

அட்டையின் மூன்றாவது பத்திக்கு வருகிறேன். எல்லா ஊசிக்கும் அடுத்த தேதி ஓராண்டு கழித்து. இந்த ஓராண்டு எங்கிருந்து வந்தது? அது ஆய்வில் அளந்து கண்ட எல்லை அல்ல. பல காலம் கம்பெனிகள் ஓராண்டுக்குத்தான் சோதித்துக் காட்டின, ஓராண்டு என்று லேபிளில் அச்சிட்டன, அதுவே வழக்கமாகிவிட்டது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஷுல்ட்ஸ் போன்றவர்கள் பல ஆண்டுகள் காத்திருந்து சோதித்தபோது டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் தடுப்பாற்றல் ஏழு ஆண்டும் அதற்கு மேலும் நிற்பது தெரிந்தது. அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கம் 2003-லேயே மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்று மாற்றிக்கொண்டது. உலக வழிகாட்டியும் மூன்று ஆண்டுக்கு முன்னால் மறுபடி போட வேண்டாம் என்கிறது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 பதிப்பைத் தயாரித்த குழுவின் வேலைக்கு நிதி தந்தது எம்.எஸ்.டி. என்ற தடுப்பூசி தயாரிக்கும் கம்பெனி. ஆவணத்திலேயே அது எழுதியிருக்கிறது. விற்பவர் காசில் எழுதிய ஆவணம், குறைவாக வாங்கச் சொல்கிறது. "எல்லாம் வியாபாரம்" என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆனால் மூன்று ஆண்டு என்பது ஒரு நிபந்தனையோடு வருவது. குட்டிப் பருவத் தொடர் 16 வாரம் தாண்டி முடிந்திருக்க வேண்டும், 26 வார ஊசி போட்டிருக்க வேண்டும், மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்து வந்திருக்க வேண்டும். மே மாதத்து மதியத்தில் மின்சாரம் போன மருந்துக்கடை ஃப்ரிட்ஜில் இருந்து பிளாஸ்டிக் பையில் வந்த குப்பிக்கு ஷுல்ட்ஸ் உத்தரவாதம் தரவில்லை. இது வழிகாட்டியைப் பற்றிய என் முதல் குறை: "சரியாகப் போட்டிருந்தால்" என்ற சொற்றொடருக்குள் அது எத்தனை வேலையை ஒளித்து வைத்திருக்கிறது என்பது, நன்றாகக் குளிரூட்டிய மருத்துவமனையில் உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரியாது.

ரேபிஸ்: இங்கே கணக்கு வேறு

இதுவரை சொன்னதெல்லாம் நாய்க்கான கணக்கு. ரேபிஸ் வீட்டில் இருக்கிற எல்லோருக்குமான கணக்கு. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம்வரை நாய் மூலம் வருவது. அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பழைய மதிப்பீடு. சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் அண்மைக் கணக்கெடுப்பு அதை ஏறத்தாழ 5,700 என்று குறைத்துச் சொல்கிறது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், ஊசியால் தடுக்க முடிந்த சாவுகள் இவை.

சில ரேபிஸ் ஊசிகளுக்கு மூன்று ஆண்டு செல்லுபடி உண்டு. "அப்போ வருஷா வருஷம் எதுக்கு?" என்று கேட்கலாம். தடுப்பாற்றல் 366-ஆம் நாள் ஆவியாகிவிடும் என்பதற்காக அல்ல. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க நடப்பு ரேபிஸ் சான்றிதழ் வேண்டும். அதைவிட முக்கியம், தெருநாய் உங்கள் நாயைக் கடித்துவிட்டாலோ, உங்கள் நாய் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்துவிட்டாலோ, அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியது காலாவதி ஆகாத கட்டம். அந்தப் பையனுக்கு அப்போதும் காயத்தை 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் வேண்டும். நாயின் அட்டை மனிதரின் ஊசிக்குப் பதில் ஆகாது. ரேபிஸை மட்டும் ஆண்டுதோறும் போடச் சொல்வேன். அதில் விவாதிக்க எனக்கு விருப்பமில்லை. குட்டிக்கு 12 வாரத்தில் முதல் ஊசி, நம் ஊர் போல ஆபத்து அதிகமான இடத்தில் 2 முதல் 4 வாரம் கழித்து இன்னொன்று, ஒரு வயதில் மறுபடி.

எலிக்காய்ச்சல்: வழிகாட்டி நழுவும் இடம்

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸை 2016 பதிப்பு கட்டாயமற்ற பட்டியலில் வைத்தது. 2024-இல் அது அடிப்படைப் பட்டியலுக்கு ஏறிவிட்டது, ஆனால் வாலில் ஒரு நிபந்தனையோடு: நோய் இருக்கும் இடமாக இருக்க வேண்டும், அங்கே உலவும் கிருமி வகைகள் தெரிந்திருக்க வேண்டும், அவற்றுக்கு ஏற்ற ஊசி கிடைக்க வேண்டும்.

முதல் நிபந்தனையில் நமக்குச் சந்தேகமே இல்லை. ஐப்பசி மழையில் தெருவில் தேங்கும் தண்ணீர், அதில் எலியின் சிறுநீர், அதை மிதித்துக்கொண்டு வரும் நாய், அதன் பின்னால் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளைகள். நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் இந்தக் கிருமி மனிதருக்கும் வரும். சிக்கல் மற்ற இரண்டு நிபந்தனைகளில். இந்த ஊசி வகைக்கு வகை தனி. ஒரு வகைக்குப் போட்டது இன்னொன்றை நன்றாகத் தடுக்காது. பழைய ஊசிகளில் கனிகோலா, இக்டரோஹெமரேஜியே என இரண்டு வகை மட்டும். தமிழ்நாட்டு ஆய்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் ஆட்டம்னாலிஸ் அதில் இல்லை. நாலு வகை உள்ள ஊசியிலும் அது இருப்பதில்லை.

அப்படியானால் போடுவதா, விடுவதா? வழிகாட்டி இங்கே "உள்ளூர் நிலவரப்படி" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறது. என் இரண்டாவது குறை இது. உள்ளூர் நிலவரம் தெளிவாக எழுதி வைக்கப்படாத நாட்டில் அந்த வாக்கியம் பாரத்தை ஒரு தெருமுனை கிளினிக் டாக்டரின் தலையில் இறக்குகிறது. என் முடிவு: எலி நடமாடும், மழைநீர் தேங்கும் இடத்தில் இருக்கிற நாய்க்குப் போட வேண்டும், வகை அதிகம் உள்ளதாகப் பார்த்து. பாதிப் பாதுகாப்பு என்று தெரிந்தே போட வேண்டும். இது ஓராண்டுதான் நிற்கும். ஆகவே இதற்கு ஆண்டுக் கட்டம் சரியே. மழைக்காலத்துக்கு ஒரு மாதம் முன்பு வருகிற மாதிரி தேதியை அமைத்துக்கொள்வது நல்லது.

எதிர்முகாம்

இணையத்தில் இன்னொரு குரல் கேட்கிறது: ஊசியே விஷம், இயற்கையாக வளருங்கள், ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு பார்த்தால் போதும் என்று. பக்கவிளைவு இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2005-இல் அமெரிக்காவில் 12 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஊசி போட்ட மூன்று நாட்களுக்குள் ஏதாவது ஒரு விளைவு பதிவானது பத்தாயிரத்தில் 38 நாய்களுக்கு. உடல் எடை குறைந்த நாய்க்கும், ஒரே நாளில் பல ஊசி போட்ட நாய்க்கும் அது அதிகம். இதிலிருந்து கிடைக்கும் பாடம், பொமரேனியனுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் இரண்டு தடவையாகப் பிரித்துப் போடலாம் என்பது. ஊசியே வேண்டாம் என்பது அல்ல.

நாய்கள் எல்லாம் ஊசி போட்டு, வேலிக்குள் வாழும் ஊரில் ஒரு நாயை விட்டுவிட்டாலும் சுற்றியுள்ளவை காக்கும். நம் தெருவில் அந்தச் சலுகை இல்லை. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது அவற்றில் சிலவற்றின் உடலில் இருந்தது டிஸ்டெம்பர் வைரஸ். நாய்களிடம் காலம் காலமாக உலவும் அதே வைரஸ்தான். போடாத ஊசிக்கான விலையை யார் கொடுப்பார்கள் என்பது நம் கையில் இல்லை.

எப்படி இருக்க வேண்டும்?

நல்ல அட்டை ஒன்றும் பெரிய காரியமில்லை. மேலே பிறந்த தேதி, தெரியாவிட்டால் பல்லைப் பார்த்து டாக்டர் கணித்த வயது. இடப்பக்கம் நோய்களின் பெயர், தமிழில்: டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி, ரேபிஸ், எலிக்காய்ச்சல். ஒவ்வொன்றுக்கும் எதிரே போட்ட அன்றைய வயது வாரக்கணக்கில், அந்த நோய்க்கான அடுத்த தேதி தனியாக. எல்லாவற்றுக்கும் ஒரே தேதி கூடாது.

அந்த அட்டை வரும்வரை, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எந்த நோய்க்கு? கடைசி ஊசியின்போது குட்டிக்கு எத்தனை வாரம்? அந்த நோய்க்கு அடுத்தது எப்போது? கோபிக்கிற டாக்டர்கள் குறைவு. கேட்கிற ஆள்தான் குறைவு. தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் பெரிய நாய் என்றால் பயப்பட வேண்டாம். 16 வாரம் தாண்டிய நாய்க்கு முதல் மூன்று நோய்களுக்கும் உயிருள்ள ஊசி ஒன்றே பெரும்பாலும் போதும், கூட ரேபிஸ். மூன்றாண்டுக் கெடு தாண்டிப்போனாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஒரு ஊசியில் தொடரலாம். எலிக்காய்ச்சலுக்கு மட்டும் ஆரம்பத்தில் இரண்டு வேண்டும்.

செலவு தாங்காது என்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் ரேபிஸ், அடுத்து 16 வாரத்தைத் தாண்டிய ஒரு பார்வோ-டிஸ்டெம்பர் ஊசி. செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் ரேபிஸ் ஊசி இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது, தெருவில் நீங்கள் சோறு வைக்கும் நாயையும் கயிறு கட்டிக் கூட்டிப் போங்கள். அதற்கு அட்டை யாரும் தர மாட்டார்கள். ஊசி போடுவார்கள்.